கார்ன்வாலின் அடர்நிறக் கட்டங்கள்

ரேடான் ஒரு கதிரியக்க வாயு. பிரிட்டனின் ரேடான் வரைபடத்தைத் திறந்தால் கண் முதலில் போய் நிற்பது தென்மேற்கு மூலையில்தான். கார்ன்வாலிலும் பக்கத்து டெவனிலும் அடர்நிறக் கட்டங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். காரணம், அந்த ஊர்களுக்கு அடியில் இருக்கும் கிரானைட் பாறை.

அந்தப் பாறையில் இம்மியளவு யுரேனியம் கலந்திருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகும். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு பிறக்கும். நிறமில்லை, மணமில்லை. வெட்டவெளியில் காற்றோடு கரைந்துவிடும். வீட்டுக்குள் அப்படி இல்லை. குளிர்காலத்தில் சூடான காற்று மேலேறி வெளியே போகப் போக, தரை விரிசல் வழியாகவும் குழாய் நுழையும் சந்து வழியாகவும் மண்ணுக்குள் இருக்கும் காற்றை வீடு உறிஞ்சிக்கொள்கிறது. ரேடானும் கூடவே ஏறி வருகிறது. பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 1,100 பேர் ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சரி, வரைபடத்தை எப்படிப் போடுகிறார்கள்? லட்சக்கணக்கான வீடுகளில் அளந்த அளவுகளை நிலவியல் வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரே வகைப் பாறைமேல் நிற்கும் வீடுகளில், நூற்றுக்கு எத்தனை வீடு கன மீட்டருக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற அளவைத் தொடும் அல்லது தாண்டும் என்று கணிக்கிறார்கள். அதுதான் 1 கிலோமீட்டர் கட்டத்தின் நிறம்.

பலர் தடுமாறுவது இங்கேதான். நிறம் காட்டுவது உங்கள் வீட்டு ரேடானை அல்ல, வாய்ப்பை. மிக அடர்ந்த நிறத்துக்குப் பொருள், நூற்றில் 30 வீடுகளுக்கு மேல் தாண்டலாம் என்பது. அங்கேயும் தாண்டாத வீடுகள் நிறைய இருக்கும். வெளிர்நிறத்தில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பூஜ்யம் இல்லை. இன்னொன்று, கட்டத்தின் ஓரத்தில் மோசமான பாறை கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் கட்டம் முழுக்க அதன் நிறம்தான். அடுத்தடுத்த இரண்டு வீடுகளே வேறுபடும்: ஒன்றில் மரத்தரைக்கு அடியில் காற்று ஓடும், மற்றதில் கான்கிரீட் வெடித்திருக்கும்.

அதனால் அளந்துதான் ஆகவேண்டும். அது ஒன்றும் பெரிய வேலையில்லை. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு பிளாஸ்டிக் டப்பிகள் தபாலில் வரும். ஒன்று கூடத்தில், ஒன்று படுக்கையறையில். மின்சாரம் வேண்டாம், சத்தமில்லை. மூன்று மாதம் அப்படியே கிடக்கட்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சில்லில், ரேடான் சிதையும்போது தெறிக்கும் ஆல்ஃபா துகள்கள் மோதிய இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழும். அப்புறம் ஆய்வகத்தில் அதைக் காரக் கரைசலில் ஊறவைப்பார்கள். தழும்புகள் குழிகளாகப் பெரிதாகும். நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கைதான் உங்கள் வீட்டின் கணக்கு.

கூடுதலாக வந்தாலும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. தரைக்கு அடியில் ஒரு சிறு குழி, அதிலிருந்து ஒரு குழாய், ஒரு மின்விசிறி. மண்ணின் காற்று அறைக்குள் வருவதற்கு முன்பே வெளியே போய்விடும்.