தமிழ்ப் பேருக்கு மூண்டு மடங்கு இடம்: கேர்னல் ஆர்கியூமென்ட் சுமக்கிற கதை

போன மாதம் கொக்குவிலில இருந்து மச்சான் போன் எடுத்தான். அவன்ட அப்பப்பா சேர்த்து வைச்ச கோயில் திருவிழா மலர், பழைய பஞ்சாங்கம், பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாத்தையும் ரெண்டு வருசமா ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கிறான், 42,000 பக்கம் வந்திட்டுது, அவ்வளவும் ஒரே போல்டருக்குள்ள, "யாழ்ப்பாணம்_00001" எண்டு தொடங்கி வரிசையா நம்பர் போட்ட ஜேபிஜி பைல். அதை வெளி டிஸ்க்குக்கு கொப்பி பண்ண லினக்ஸ் டெர்மினலில சிபி எண்ட கொப்பிக் கட்டளையை அடிச்சு, எல்லா பைலும் எண்டு காட்ட நட்சத்திரக் குறி போட்டு, என்டரைத் தட்ட "ஆர்கியூமென்ட் லிஸ்ட் டூ லோங்" எண்டு ஒரு வரி வந்து நிண்டிட்டுது.

"டிஸ்க் பழுதோடா?" எண்டு கேட்டான்.

டிஸ்க்குக்கு ஒண்டுமில்லை. சிபி ஓடவே இல்லை. அது தொடங்க முதலே கேர்னல், அதாவது லினக்ஸின்ர மெமரியையும் புரோகிராமுகளையும் ஆளுற நடுப் பகுதி, ஏலாதெண்டு திருப்பி அனுப்பிட்டுது.

முதல்ல ஒண்டு விளங்கோணும். நட்சத்திரக் குறியை சிபி காணுறதே இல்லை. அதை விரிக்கிறது ஷெல், அதாவது நாங்கள் டைப் பண்ணுற இடத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற புரோகிராம். அது போல்டரைத் திறந்து பார்த்து 42,000 பேரையும் ஒண்டு விடாமல் எழுதி ஒரு பெரிய பட்டியல் ஆக்கி (அதில ஒவ்வொரு பேரும் ஒரு ஆர்கியூமென்ட்), "இந்தப் பட்டியலோட சிபியை ஓட விடு" எண்டு கேர்னலைக் கேக்குது. அப்பிடிக் கேக்கிற சிஸ்டம் கோலுக்கு எக்செக்விஈ எண்டு பேர். சோதிச்சுப் பார்க்க ஆசையெண்டால் அதே போல்டரில எக்கோ அடிச்சு நட்சத்திரம் போட்டுப் பாருங்கோ, 42,000 பேரும் திரை முழுக்க ஓடும், ஒரு முறைப்பாடும் வராது. ஏனெண்டால் எக்கோ ஷெல்லுக்க உள்ளயே இருக்கிற கட்டளை, கேர்னலிட்ட போகத் தேவையில்லை. பைல் பேரைக் காட்டுற எல்எஸ் தனிப் புரோகிராம், அதைப் போட்டால் திரும்ப அதே எரர் வரும்.

சரி, கேர்னலுக்கு என்ன பிரச்சினை? எக்செக்விஈ புதுசா ஒரு ஆளை உருவாக்கிறேல்ல, இருக்கிற ஆளின்ர வீட்டை இடிச்சிட்டு அதே காணியில வேற வீடு கட்டுது. ஓடுற புரோகிராமுக்குக் குடுக்கிற பிராசஸ் நம்பர் அதேதான், ஆனா பழைய மெமரி முழுக்கப் போயிடும். பட்டியல் இருக்கிறது அந்தப் பழைய மெமரிக்குள்ள. அப்ப இடிக்க முதல் அதைத் தூக்கி எங்கயாவது வைக்கோணும். வீட்டை விட்டு வெளிக்கிடேக்க கையில எவ்வளவு கொண்டு போகலாம் எண்ட கணக்கை எங்கட சனத்துக்கு ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, கேர்னலுக்கும் அதே கணக்குத்தான்.

முந்தி லினக்ஸில இதுக்கு மெமரியில 32 பக்கம்தான் ஒதுக்கி இருந்தது, ஒரு பக்கம் 4 கேபி, ஆக 128 கேபி. அதுக்கு மேல ஒரு பைட்டும் கூடாது. 2007 இல வந்த 2.6.23 வெர்சனில இதை மாத்தினவை. அதுக்குப் பிறகு கேர்னல் புது வீட்டின்ர மெமரியை முதலே தொடங்கி, அதின்ர ஸ்டாக்கிலயே நேரடியா எழுத்துகளைக் கொண்டு போய் வைக்குது. ஸ்டாக் எண்டது புரோகிராம் தன்ர பங்ஷனுகளுக்குப் பாவிக்கிற தற்காலிக இடம், மேல இருந்து கீழ வளருறது, வழமையா 8 எம்பி எல்லை. அதில காலே அரைக்கால் இல்லை, நேர கால்வாசி, அதாவது 2 எம்பி வரைக்கும் ஆர்கியூமென்டுக்கும் என்விரோன்மென்ட் வேரியபிளுக்கும் (புரோகிராமோட கூடவே போற செட்டிங் எழுத்துகள்) சேர்த்துக் குடுக்கிறது. மிச்சம் புரோகிராம் ஓடுறதுக்கு வேணுமெல்லே. 2 எம்பி எண்டால் சரியா 2,097,152 பைட்.

இப்ப மச்சான்ட கணக்குக்கு வருவம், எனக்கு இதில பிடிச்ச இடமே இதுதான். எழுத்தை பைட்டாச் சேமிக்கிற யூடிஎப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். "யாழ்ப்பாணம்" எண்ட சொல்லில குறியீடு எண்ணினால் 11 வரும், புள்ளியும் கால் குறியும் தனித்தனியாத்தான் எண்ணுப்படும், ஆக 33 பைட். அடிக்கோட்டுக்கு 1, இலக்கத்துக்கு 5, புள்ளி ஜேபிஜிக்கு 4, கடைசியில முடிவைக் காட்டுற பூச்சிய பைட் 1. மொத்தம் 44. அதோட ஒவ்வொரு பேரும் எங்க இருக்குது எண்டு காட்ட 8 பைட் பாயின்டர் ஒண்டும் வேணும், 52 ஆச்சு. 42,000 ஐ 52 ஆல பெருக்கினால் 2,184,000. எல்லை தாண்டிட்டுது. அதே பைலுகளுக்கு யாழ்ப்பாணத்தின்ர ஆங்கிலப் பேரை ஆங்கில எழுத்தில வைச்சிருந்தால் 33 க்குப் பதிலா 6, ஒரு பைலுக்கு 25, மொத்தம் 1,050,000, சோலி இல்லாமல் போயிருக்கும். தமிழில பேர் வைச்சதுக்காக கேர்னல் ஆரையும் தண்டிக்கேல்ல, அது பைட்டைத்தான் நிறுக்குது, எழுத்தை எண்ணுறேல்ல.

அந்த 8 பைட் பாயின்டரையும் கணக்கில சேர்க்கிற வழக்கம் 2017 இலதான் வந்தது. அதுக்கு முதல் எழுத்துகளை மட்டும் எண்ணிப்போட்டு பாயின்டரை விட்டிட்டினம், ஒற்றை எழுத்து ஆர்கியூமென்டாப் போட்டுக் குவிச்சால் பாயின்டர்தான் ஸ்டாக்கை நிரப்பும். அந்த வருசம் ஜூனில குவாலிஸ் எண்ட பாதுகாப்புக் கொம்பனி ஆக்கள் ஸ்டாக் கிளாஷ் எண்டு வெளியிட்ட பாதுகாப்பு ஓட்டைகளில இதுவும் ஒண்டு. ஸ்டாக்குக்கும் பக்கத்து மெமரிக்கும் நடுவில விடுற வெறும் இடமும் அதுவரை ஒரே ஒரு பக்கம், 4 கேபிதான். ஒரு பங்ஷன் ஸ்டாக்கில வைக்கிற பெரிய லோக்கல் வேரியபிள் அதைக் கால் வைச்சுத் தாண்டிப் போயிடும். பேந்து அதை 1 எம்பி ஆக்கினவை. வேலி ஒரு சாண் உயரத்தில இருந்தால் மாடு தாண்டாதோ?

பட்டியலைக் கேர்னல் கடைசியில இருந்துதான் தூக்குது. ஸ்டாக்கின்ர உச்சியில புரோகிராமின்ர பைல் பேர், அதுக்குக் கீழ என்விரோன்மென்ட் எழுத்துகள், அதுக்குக் கீழ ஆர்கியூமென்ட் எழுத்துகள். இதுவரைக்கும் பழைய வீடு நிக்குது. அதாலதான் இடம் காணாதெண்டு தெரிஞ்சவுடன கேர்னலால ஒரு எரர் நம்பரைத் திருப்பிக் குடுக்க ஏலுமாயிருக்குது, அதை வாங்கி திரையில அச்சடிக்க ஆள் உயிரோட இருக்குதெல்லே. வீட்டை இடிச்சதுக்குப் பிறகு ஏதாவது பிழைச்சால் திரும்பிப் போக இடமில்லை, அந்தப் பிராசஸைக் கொல்லுறதைத் தவிர வழியில்லை.

இடிச்சு முடிய, ஸ்டாக்கைத் தற்செயலா ஒரு தூரம் தள்ளி வைக்குது, தாக்குறவன் முகவரியை ஊகிக்கக்கூடாதெண்டு. பிறகு எழுத்துகளுக்குக் கீழ 16 பைட் ரேண்டம் எண், ஒக்சிலரி வெக்டர் எண்ட சின்னத் தகவல் அட்டவணை, என்விரோன்மென்ட் பாயின்டர் வரிசை, அது முடிய ஒரு பூச்சியம், ஆர்கியூமென்ட் பாயின்டர் வரிசை, அதுக்கும் ஒரு பூச்சியம், எல்லாத்துக்கும் அடியில எத்தினை ஆர்கியூமென்ட் எண்ட எண்ணிக்கை. ஸ்டாக்கின்ர இப்போதைய அடியைக் காட்டுற ஸ்டாக் பாயின்டர் அந்த எண்ணிக்கையில நிக்கேக்கதான் புது புரோகிராம் கண் முழிக்குது. சொன்ன ஒழுங்கு கீழ இருந்து பார்த்தால் தலைகீழ்: எண்ணிக்கை, ஆர்கியூமென்ட், பூச்சியம், என்விரோன்மென்ட். இந்த ரெண்டு வரிசையும் ஒட்டி ஒட்டி இருக்கிறதை மறந்திடாதேங்கோ.

ஏனெண்டால் 2022 ஜனவரியில இதாலயே பெரிய கூத்து நடந்தது. பிகேஎக்செக் எண்டு ஒரு புரோகிராம், ரூட், அதாவது மெசினில எல்லாம் செய்யக்கூடிய ஆளின்ர, அதிகாரத்தோட ஓடுறது, கனக்க லினக்ஸில வழமையா இருக்கிறது. முதலாவது இடத்தில எப்பவும் புரோகிராமின்ர பேர் இருக்கும் எண்டு நம்பி அது அடுத்த இடத்தில இருந்து வாசிக்கத் தொடங்கும். ஒருத்தன் ஆர்கியூமென்டே இல்லாமல், எண்ணிக்கை 0 எண்டு அதைத் தொடக்கினால்? முதல் இடத்தில இருக்கிறது முடிவுப் பூச்சியம், அதுக்கு அடுத்த இடம் என்விரோன்மென்டின்ர முதல் வேரியபிள். புரோகிராம் அதை ஆர்கியூமென்ட் எண்டு நினைச்சு வாசிச்சது மட்டுமில்லை, அந்த இடத்தில திருப்பி எழுதவும் செய்தது, அந்த ஓட்டையால சாதாரண யூசர் ரூட் ஆகலாம். 2009 இல இருந்து இருந்த பிழை. இப்ப 5.18 வெர்சனில இருந்து ஆரும் வெறும் பட்டியலோட வந்தால் லினக்ஸ் கேர்னல் தானே ஒரு வெறும் எழுத்துத் தொடரை முதல் இடத்தில வைச்சு விடுது.

இன்னொண்டு. இந்த எழுத்துகள் புரோகிராம் ஓடி முடியும் மட்டும் அதின்ர ஸ்டாக்கிலதான் கிடக்கும், ஓடுற புரோகிராமுகளைப் பட்டியல் போடுற பிஎஸ் கட்டளை காட்டுறது அதைத்தான் எடுத்து வாசிச்சு. நான் முந்தி வேலை செய்த ஒரு இடத்தில டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஆர்கியூமென்டா அடிச்சுக் குடுக்கிறது வழக்கம், அதே மெசினில லொகின் இருக்கிற எல்லாருக்கும் அது வடிவாத் தெரியும், ஒருத்தரும் யோசிக்கேல்ல, நானும்தான்.

மச்சான் கேட்டான், எல்லையைக் கூட்ட ஏலாதோ எண்டு. ஏலும், யூலிமிட் அடிச்சு ஸ்டாக் எல்லையைக் கூட்டினால் கால்வாசியும் கூடும், ஆனா 6 எம்பிக்கு மேல எந்தக் காரணத்துக்கும் போகாது. அதோட ஒரே ஒரு ஆர்கியூமென்ட் தனியா 128 கேபிக்கு மேல இருந்தாலும் அதே எரர்தான் வரும், மொத்தம் எவ்வளவு குறைவா இருந்தாலும், அந்தப் பழைய 32 பக்கம் இந்த இடத்தில மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்குது.

எல்லையோட சண்டை பிடிக்கிறதை விட பங்கு பங்காக் கொண்டு போறது சுகம். பைண்ட் கட்டளையால பேரை எடுத்து எக்சார்க்ஸுக்குக் குடுத்தால் அது ஒரு தடவைக்கு 128 கேபி அளவில அள்ளி அள்ளி சிபியைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும். பேருக்கு நடுவில இடைவெளி இருந்தால் பூச்சிய பைட்டால பிரிக்கிற ஒப்ஷனைப் போட மறக்கக்கூடாது, இல்லாட்டி ஒரு பேர் ரெண்டாகும். மச்சான் போனை வைக்காமலே அடிச்சான், தேத்தண்ணி குடிச்சு முடிய முதல் 42,000 உம் போயிட்டுது, பேர் எல்லாம் தமிழிலயே.