அழுக்குதான் வடிகட்டுகிறது

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். டீசல் கார், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மகளைப் பள்ளியில் விட, கூட்டிவர, கடைக்குப் போக என்று தினமும் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான் ஓட்டம். போன வாரம் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. குழாய் மாட்டிய பெட்டி, உள்ளே புள்ளிகள். தெரிந்த மெக்கானிக், "டிபிஎஃப் அடைச்சிருச்சும்மா, கழட்டிட்டா மைலேஜும் ஏறும்" என்கிறாராம். கழற்றலாமா?

வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் கழற்ற மனம் வராது.

டிபிஎஃப் என்பது டீசல் புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அது கரியின் எடையோடு நிற்காமல் துகள்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறது. கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகளுக்கு மேல் போகக் கூடாது. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் வடிகட்டி இல்லாத டீசல் இன்ஜின் அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

குறுக்கே அறுத்த ஒரு வடிகட்டியை ஒரு பட்டறையில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தேனடை போலப் பீங்கான். முகப்பில் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு துளை திறந்தும் அடுத்தது அடைத்தும் இருக்கும். இந்தப் பக்கம் திறந்திருக்கும் துளை மறுமுனையில் அடைபட்டிருக்கும். உள்ளே போன புகைக்கு வேறு வழி கிடையாது. பீங்கான் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் பக்கத்துக் குழாய்க்குப் போக வேண்டும்.

சரி, சுவரின் நுண்துளைகள் எவ்வளவு பெரியவை? 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கரித்துகள்? பெரும்பாலும் 0.1 மைக்ரான் அளவு. துளை நூறு மடங்கு பெரியது. அப்படியென்றால் எல்லாத் துகளும் தப்பிப் போயிருக்க வேண்டுமே!

போவதில்லை, காரணம் பிரவுனியன் இயக்கம். மிகச் சிறிய துகளை வாயு மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் இடித்துக்கொண்டே இருக்கின்றன. தேர்க்கூட்டத்தில் சிக்கிய சின்னப் பையனைப் போல அது நேராகப் போக முடியாமல் அலைக்கழிந்து, சுவரில் மோதி, அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. துகள் சிறியதாக ஆக அலைச்சல் கூடும், பிடிபடுவதும் கூடும். பெரிய துகள்கள் வளைவில் திரும்ப முடியாமல் முட்டி மாட்டும். நடுத்தர அளவுக்காரர்கள்தான் கொஞ்சம் தப்புவார்கள். என்-95 முகக்கவசத்தை 0.3 மைக்ரான் அளவுத் துகளால் சோதிப்பதும் இதனால்தான்.

தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1827-இல் பார்த்த இந்த ஆட்டத்துக்கு 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கு எழுதினார். தண்ணீர் கலந்த ஒரு சொட்டுப் பாலும் பள்ளி நுண்ணோக்கியும் இருந்தால் கொழுப்புத் துளிகள் துடிப்பதை நாமே பார்க்கலாம். ஸ்மார்ட் வகுப்பறைத் திரைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை எல்லா அரசுப் பள்ளிக்கும் நல்ல நுண்ணோக்கி வாங்க ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதைவிட அழகு அடுத்த கட்டம். ஒட்டிய கரியின் மேல் கரி படிந்து ஒரு மெல்லிய படலம் ஆகிறது. அப்புறம் பீங்கானுக்குப் பெரிய வேலை இல்லை, அந்தப் படலமே வடிகட்டுகிறது. காபி பில்டரில் டிக்காஷனைத் தெளிவாக்குவது தட்டின் ஓட்டைகளா, அதன்மேல் படிந்த தூளா? தூள்தான். புத்தம் புதிய டிபிஎஃப்பைவிடச் சற்றே கரி பிடித்தது நன்றாக வடிகட்டும். பிஎஸ்-6 காரின் புகைக்குழாய் முனைக்குள் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். பழைய டீசல் வண்டியில் மை அப்பிக்கொள்ளும் இடம் இதில் அநேகமாகச் சுத்தமாக இருக்கும்.

தூளை அழுத்தி அடைத்தால் டிக்காஷன் இறங்காது அல்லவா? அதே சிக்கல் இங்கேயும் உண்டு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு சென்சார் அளக்கிறது. பள்ளியில் படித்த யூ வடிவ மனோமீட்டரின் தம்பி. வேறுபாடு கூடினால் கரியை எரிக்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் தேவை. ஊருக்குள் ஓட்டும்போது புகை அதில் பாதி சூட்டைக்கூட எட்டுவதில்லை. அதனால் கணினி கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கிறது. அது பிளாட்டினம் பூசிய வினையூக்கியில் எரிந்து சூட்டை ஏற்றுகிறது. இதுதான் ரீஜெனரேஷன். பத்து இருபது நிமிடம் பிடிக்கும். பள்ளி வாசல் வந்ததும் சாவியைத் திருப்பினால் வேலை பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் கலக்கும். வாசகி காரில் அநேகமாக நடந்தது இதுதான்.

கழற்றிவிட்டால் புகைச் சான்றிதழ் கிடைத்துவிடலாம். அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தியை, துகளை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பள்ளி வாசலில் காத்து நிற்கும் பிள்ளைகளின் மூக்கு அந்தக் குழாயின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது இது. புள்ளிப் பெட்டி விளக்கு மட்டும் எரிந்தால், தொட்டியில் போதிய டீசலோடு ஞாயிறு காலை உடுமலைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில், கியரைக் கூட்டாமல், இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஓட, இருபது நிமிடம் நிற்காமல் போய் வாருங்கள். வழியில் காய்ந்த வைக்கோல்மேல் நிறுத்தாதீர்கள், அடிப்பக்கம் தீப்பிடிக்கும் சூட்டில் இருக்கும். செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டி இழுக்கத் திணறினாலோ இந்த ஓட்டம் வேண்டாம், ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போங்கள். ஸ்கேனரில் பி2463 என்ற பிழை எண் வந்தால் கரி மிகுந்துவிட்டது என்று பொருள். ஆனாலும் அழுத்த வேறுபாட்டை அளக்கும் அந்தச் சென்சாரின் இரண்டு ரப்பர் குழாய்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், குழாயில் விரிசல் விட்டாலும் கணினி ஏமாறும். புறப்படும் முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து ஆயில் அளவு பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள். மாற்றும்போது கார் கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த ரகத்தையே ஊற்றச் சொல்லுங்கள். கரி எரிந்துவிடும், ஆயில் விட்டுப்போகும் சாம்பல் எத்தனை டிகிரியிலும் எரியாது.