ஸ்னெஃபெருவின் பிரமிடு ஏன் பாதியில் வளைந்தது?

எகிப்தின் தாஷூரில் உள்ள வளைந்த பிரமிடின் படத்தைப் பார்த்ததும் எழுகிற கேள்வி: பாதிக்கு மேல் சரிவு ஏன் சட்டென்று படுத்துவிடுகிறது? கிரக சக்தி, ரகசியக் கணக்கு என்றெல்லாம் கதை கட்டுபவர்கள் உண்டு. கொத்தனாரைக் கேட்டால் ஒரே சொல்லில் முடிப்பார்: இறங்கிவிட்டது.

கி.மு. 2600 வாக்கில், நான்காம் வம்சத்தின் முதல் மன்னர் ஸ்னெஃபெருவின் கல்லறையாகத் தொடங்கிய வேலை. முதல் திட்டத்தில் அடிப்பக்கம் 157 மீட்டர், சரிவு ஏறத்தாழ 60 பாகை. அடியில் பாறை இல்லை, சரளையும் களிமண்ணும்தான். உள்ளே விரிசல் விட்டது. சுற்றிலும் 15 மீட்டருக்கு மேல் கல் சேர்த்து, அடியை 189 மீட்டராக்கி, சரிவைக் குறைத்தார்கள்.

எகிப்தியர் சரிவைப் பாகையில் அளக்கவில்லை. ஒரு முழம், அதாவது 28 விரற்கடை, உயர்ந்தால் முகப்பு எத்தனை விரற்கடை உள்ளே நகர்கிறது என்பதே கணக்கு. இங்கே 20; நம் கணக்கில் 54 பாகை.

உண்மையான வில்லங்கம் கல் பதித்த விதத்தில். பழைய படிக்கட்டுப் பிரமிடு வழக்கப்படி ஒவ்வொரு வரியையும் உள்பக்கம் சாய்த்துப் பதித்தார்கள். இதில் ஒரு லாபம் இருந்தது: கல்லே சாய்ந்திருப்பதால் வெளிமுகத்தை அதிகம் செதுக்க வேண்டியதில்லை. வெளியே சரிந்து விழாது என்றும் நம்பியிருப்பார்கள். ஆனால் சாய்ந்த கல் ஒன்றையொன்று நடுவை நோக்கி நெருக்கும். நடுவில்தான் அறைகள்! விரிசல்களை ஜிப்சம் சாந்தால் பூசினார்கள்; மேலறையில் தேவதாரு மரங்களைக் குறுக்கே முட்டுக்கொடுத்தார்கள். ஸ்னெஃபெரு காலத்தில் 40 கப்பல்களில் தேவதாரு வந்ததாக, பழைய எகிப்திய மன்னர்களின் ஆண்டுக்குறிப்பான பலேர்மோ கல்வெட்டு சொல்கிறது.

ஏறத்தாழ 47 மீட்டரில் இன்னொரு முடிவு: முழத்துக்கு 30 விரற்கடை, அதாவது 43 பாகை. வரிகளையும் மட்டமாகவே பதித்தார்கள். வளைவுக்கு மேல் ஏற வேண்டிய கல்லில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 130 மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டிய உயரம் 105 மீட்டரில் நின்றது.

அடுத்து எழுந்த சிவப்புப் பிரமிடு அடியிலிருந்தே 43 பாகை, மட்ட வரிகள். மகன் கூஃபு கீசாவில் சுண்ணாம்புப் பாறைமேல் கட்டியதால் 22 விரற்கடைக்குத் துணிய முடிந்தது.

பிற்காலத்தில் மற்ற பிரமிடுகளின் வெளிக்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். வளைந்த பிரமிடில் மட்டும் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. உள்நோக்கிச் சாய்ந்த கல்லை வெளியே இழுப்பது கடினம் என்பது அதற்கு ஒரு காரணம்.