பொதுவெளியில் விட்டால் பொதுவாகிவிடுமா?

திருகோணமலையில் கணினி படிக்கிற பிள்ளைகள் தங்கள் செயற்றிட்டங்களைக் காட்டும்போது ஒரு வசனம் கட்டாயம் வரும்: "மூலநிரலைப் பொதுவெளியில் விட்டிருக்கிறோம்." விசாரித்தால், நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் எடுத்தாள அனுமதிக்கும் உரிமம் என்று ஒரு வரி கிடையாது.

ஒரு படைப்புக்கு யாருடைய பதிப்புரிமையும் இல்லாத நிலையை, அதாவது பப்ளிக் டொமைனைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். டொமைனுக்கு வேர் லத்தீன் 'டொமினியம்'. உடைமை, ஆட்சி என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

சரி, இதில் 'வெளி' எங்கே வந்தது? கரைவலையும்தான் கடற்கரையில் எல்லார் கண்முன்னாலும் காய்கிறது. அதற்காக அள்ளிக்கொண்டு போகலாமா? நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கணினி நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உண்டு. உரிமம் இல்லாத நிரலைப் பார்க்கலாம், எடுத்து மாற்றி விநியோகிக்க முடியாது. போதாக்குறைக்கு, பத்திரிகைகளில் அமைச்சர்கள் கருத்துச் சொல்வதும் அதே 'பொதுவெளி'யில்தான்.

இன்னொரு தமிழாக்கமான 'பொதுக்களம்' மட்டும் என்ன வாழ்கிறது? இணைய டொமைனுக்கு 'ஆள்களம்' என்று வைத்த கையோடு இங்கேயும் களத்தை ஒட்டிவிட்டார்கள். பொருளைப் பார்க்காமல் அகராதியைப் பார்ப்பவர்களின் வேலை. 'நாட்டுடைமை', தமிழ்நாட்டில் அரசு பணம் கொடுத்து எழுத்தாளர்களின் நூல்களைப் பொதுவாக்குவதற்கு நிலைத்துப்போன சொல். நிரலுக்குள் அரசு எதற்கு? 'பொதுவுடைமை' என்றாலோ செங்கொடிதான் நினைவுக்கு வரும்.

நான் எழுதுவது 'பொதுவுரிமை'. செயலுக்குப் 'பொதுவுரிமையாக்கல்'. 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் ஆய்வுக்கூடம் உலகளாவிய வலையின் மென்பொருளைப் பொதுவுரிமையாக்கியது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளும் பொதுவுரிமைதான், அதன் மூலநிரலில் உரிம அறிவிப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆசீர்வாதம் இருக்கிறது. இங்கே 'பொதுவெளி'யைப் போட்டுப் பாருங்கள், உரிமையைக் கைவிட்ட செய்தியே காணாமல் போய்விடும்.

ஒரு குறை உண்டு: ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தைப் 'பொது உரிமம்' என்கிறார்கள், காதில் இரண்டும் ஒன்றாக விழும். ஆனால் ஜிபிஎல் நிரலுக்கு உரிமையாளரும் இருக்கிறார், நிபந்தனையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் 'திறந்த மூலம்' என்று முடித்துவிடும் மொழிபெயர்ப்பாளர்களோடு பேசிப் பயனில்லை.

அப்புறம், ஜேர்மனி போன்ற நாடுகளில் எழுதியவர் நினைத்தாலும் பதிப்புரிமையை முழுதாகத் துறக்க முடியாது. 2009இல் வந்த சிசி0 என்ற உரிமைத் துறப்பு ஆவணம் அதையும் யோசித்து எழுதப்பட்டது: துறப்புச் செல்லாத இடத்தில் நிபந்தனையற்ற உரிமமாக அது நிற்கும். பிள்ளைகள் அந்தக் கோப்பைச் சேர்த்துவிட்டுப் பேசட்டும்.