டாப்புக்கு முன்னால் சில டிகிரி

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் மார்க் 2 அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்று வருஷத்தில் சில நாள்தான் வீடு திறக்கும். கார் வெளியே வருவதும் அப்போதுதான். போன தை மாதம் பேரனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் வரவேண்டும் என்பது ஆச்சியின் ஆசை.

"ஸ்டார்ட் ஆகுது தம்பி. ஆனா இழுக்க மாட்டேங்குது. பள்ளத்தூர் போயிட்டு வர்றதுக்குள்ள கொதிச்சிருது. டைமிங் வச்சுப் பத்து நாள்கூட ஆகலே" என்றார்.

டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், வைத்த பிறகும் இழுக்காமல் கொதிக்கிறது என்றால், பெரும்பாலும் கோளாறு டைமிங்கில் தொடங்கியிருக்காது. வேறு எங்கோ காற்று கசியும். அதைச் சரிசெய்யாமல், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை மாற்றியிருப்பார்கள். இந்த இரண்டும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால் பழைய பெட்ரோல் இன்ஜின் பாதி பிடிபட்டுவிடும்.

பந்தி 12 மணிக்கு என்றால் அடுப்பை 12 மணிக்கா பற்றவைப்போம்? சோறு வேக ஆகும் நேரத்தைக் கணக்குப் பண்ணி முன்பே பற்றவைப்போம். இன்ஜினிலும் அதே கணக்குதான். பிஸ்டன் மேலே வந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்துகிறது. அது உச்சிக்கு வரும் இடத்தைப் பட்டறையில் டாப் என்போம். பிளக்கில் பொறி விழுந்த உடனே கலவை முழுவதும் குபீரென்று எரிந்துவிடாது. பொறி விழுந்த இடத்திலிருந்து தீ ஒரு குமிழி போல விரிந்து சிலிண்டர் சுவர்வரை போகவேண்டும். அதற்கு ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் இரண்டு, மூன்று பங்கு நேரம் பிடிக்கும். அழுத்தம் உச்சத்துக்கு வரும்போது பிஸ்டன் டாப்பைத் தாண்டி 15 டிகிரி அளவில் இறங்கியிருந்தால்தான் அந்தத் தள்ளு முழுசாக, பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்கில் சேரும். அதனால் டாப்புக்கு முன்னாலேயே பொறி விழுந்தாகவேண்டும். இதுதான் அட்வான்ஸ்.

ரொம்ப முன்னால் விழுந்தால், மேலே ஏறிவரும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளும். மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிக்கும். டிக் டிக்கென்று இரும்புக் குண்டு குலுங்குவது போலச் சத்தம் வரும். அதுதான் நாக்கிங். அதோடு ஓட்டிக்கொண்டே போனால் பிஸ்டனே ஓட்டையாகலாம். ரொம்பத் தாமதமாக விழுந்தால் சத்தமே இருக்காது, ஆனால் பிஸ்டன் இறங்கிப் போன பிறகும் கலவை எரிந்துகொண்டிருக்கும். வேலையாக மாறவேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் ரேடியேட்டருக்கும் போகும். வண்டி இழுக்காது, கொதிக்கும். ஆச்சி சொன்னது இந்த இரண்டாவது ரகம்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும்போது, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் கிராங்க் சுமார் 5 டிகிரி திரும்பும். 3000 சுற்றில் அதே நேரத்துக்குள் 18 டிகிரி. சோறு வேகும் நேரம் மாறவில்லை, பந்தி நேரம்தான் முன்னால் ஓடிவருகிறது. எனவே வேகம் ஏற ஏற அடுப்பை இன்னும் முன்னாலேயே பற்றவைக்கவேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பொறி விழவைக்கும் சுவிட்சான பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டுக்கு அடியில், இரண்டு சின்ன எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. சுற்று கூடினால் எடைகள் வெளியே விரிந்து, பாயிண்டைத் திறக்கும் கேமைச் சற்று முன்தள்ளும். வேகம் கூடும்போது கலவை சிலிண்டருக்குள் நன்றாகக் கலங்குவதால் தீயும் விரைவாகப் பரவும். அதனால் இந்த முன்தள்ளலுக்கு ஒரு வரம்பு உண்டு. இந்த ரக இன்ஜின்களில் எல்லாம் சேர்த்து 30 டிகிரியை ஒட்டி அது நின்றுவிடும்.

வேகம் ஒன்றே போதாது, பாரத்தையும் பார்க்கவேண்டும். திருமயம் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரில் சும்மா காலை வைத்திருக்கிறோம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரில், ஆக்ஸிலேட்டர் திறந்து மூடும் த்ராட்டில் தகடு லேசாகத்தான் திறந்திருக்கும். சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம், அடர்த்தியும் குறைவு. நெருக்கமில்லாமல் பரத்திவைத்த விறகு போல அது மெதுவாகப் பற்றும். இதற்கு இன்னும் 10 டிகிரி அளவில் முன்னால் பொறி தேவை. ஆனால் காலை அழுத்தி மிதித்தால் கலவை நிறைந்து, அடர்ந்து, வேகமாக எரியும். அப்போது அந்தக் கூடுதல் 10 டிகிரி நாக்கிங்கில் கொண்டுபோய் விடும். மிதிக்கிற நொடியில் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

இதைக் கம்ப்யூட்டர் இல்லாமல் செய்வது ஒரு மெல்லிய குழாய். என்னைக் கேட்டால் அந்த இன்ஜினில் மிக அழகான பாகமே அதுதான்.

கீழே இறங்கும் பிஸ்டன் காற்றை உறிஞ்சுகிறது. த்ராட்டில் தகடு மூடியிருப்பதால் போதுமான காற்று வராது. அதனால் கார்ப்பரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகும் வழியான மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. வெளியே காற்றழுத்தம் 76 சென்டிமீட்டர் பாதரசம். நல்ல இன்ஜின் ஸ்லோ ஸ்பீடில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும் வேகத்தில், நிற்கும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் அதைவிட 45 முதல் 53 சென்டிமீட்டர்வரை குறைந்திருக்கும். முழுசாக மிதித்தால் கிட்டத்தட்ட வெளிக்காற்றுக்குச் சமமாகிவிடும். ஆக, வெற்றிடத்தின் அளவே இன்ஜின் சுமக்கும் பாரத்தின் அளவுகோல். கார்ப்பரேட்டரிலிருந்து வரும் அந்தக் குழாய், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தட்டையான டப்பாவில் போய்ச் சேருகிறது. டப்பாவுக்குள் ரப்பர் சவ்வு, சவ்வில் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் பாயிண்ட் தட்டு. வெற்றிடம் சவ்வை இழுத்தால் தட்டு திரும்பும், பொறி முன்னால் விழும். காலை அழுத்தினால் வெற்றிடம் போய்விடும், ஸ்பிரிங் தட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

அந்தக் குழாய் தொடங்கும் துளை எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். இந்த வண்டிகளில் அது த்ராட்டில் தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே, கார்ப்பரேட்டர் பக்கமாக இருக்கும். ஸ்லோ ஸ்பீடில் தகடு மூடியிருக்கையில் துளை வெற்றிடத்துக்கு வெளியே நிற்கும், குழாயில் இழுப்பு இருக்காது. தகடு ஒரு நூலளவு திறந்ததும் துளை உள்ளே மாட்டும், இழுப்பு தொடங்கும். அந்த நூலளவில்தான் கானாடுகாத்தான் வண்டி கெட்டுப்போயிருந்தது.

பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டேன். ஸ்லோ ஸ்பீடு தாறுமாறாக ஏறியிருந்தது. ஒரு ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன். கார்ப்பரேட்டர் அடித்தட்டுக்குப் பக்கத்தில் உஸ்ஸென்று மெல்லிய சீற்றம். அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தேன். இரண்டு நொடிக்குச் சத்தம் மாறி, மறுபடி பழையபடி ஆனது. கசிவு அங்கேதான். பல மாதம் ஓடாமல் நின்றதில், காற்று கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கட் காய்ந்து சுருங்கியிருந்தது. (கசிவு தேட பெட்ரோல் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடுகிற இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. ஒரு பிளக் ஒயர் பொறியைக் கசியவிட்டால் வண்டியோடு ஷெட்டும் போய்விடும்.)

நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தேன். கேஸ்கட் வழியாகக் கார்ப்பரேட்டருக்குத் தெரியாமல் காற்று நுழைந்தது. கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்தது. இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்ப்பரேட்டரில் ஏற்கெனவே கலவையைச் சற்று மெலியவைக்கும், கசிவும் சேர்ந்துகொண்டதால் ஸ்லோ ஸ்பீடு நிற்காமல் வண்டி அணைந்து அணைந்து போயிருக்கும். யாரோ ஸ்லோ ஸ்பீடு ஸ்குருவைத் திருகி ஏற்றிவிட்டார்கள். தகடு அந்த நூலளவு திறந்து, நிற்கும்போதே துளையில் வெற்றிடம் வந்தது. டப்பா தட்டை இழுத்துப் பொறியை முன்தள்ளியது. சுற்றும் கூடியிருந்ததால் எடைகளும் விரியத் தொடங்கிவிட்டன. குழாயைக் கழற்றாமல் அப்படியே, பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட் வைத்துப் பார்த்தவருக்கு அட்வான்ஸ் மிக அதிகமாகத் தெரிந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அந்த அளவை அப்படியே இறக்கிவிட்டார். நிற்கும்போது எண் சரி. ரோட்டில் காலை மிதித்த உடனே டப்பா விட்டுக்கொடுக்கும், இறக்கிவைத்த அளவுக்குப் பொறி தாமதமாகும். இழுக்காது, கொதிக்கும்.

அதனால் வேலையைத் தொடங்கவேண்டிய இடம் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. முதலில் பிளக், பாயிண்ட். அப்புறம் காற்றுக் கசிவு. அதற்கும் அப்புறம்தான் டைமிங். கார்ப்பரேட்டரின் கலவை ஸ்குரு கடைசி. இந்த வரிசையை நான் எதற்காகவும் மாற்றுவதில்லை.

பாயிண்ட் முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் 12 வோல்ட் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உண்டாகும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பாயும். திறப்பதுதான் பொறி. இடைவெளியை அதிகமாக வைத்தால் கேம் பாயிண்டைச் சீக்கிரம் திறந்துவிடும், டைமிங் தானாக ஏறும். குறைத்தால் இறங்கும். டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் வைத்த டைமிங் போச்சு. ஃபீலர் கேஜில் 0.40 மில்லிமீட்டர் தகடு லேசான உரசலோடு நுழைந்து வரவேண்டும்.

புது கேஸ்கட் போட்டு, நட்டுகளை இருபக்கமும் மாறிமாறி முடுக்கினேன். வெற்றிடக் குழாயை டப்பாப் பக்கம் விட்டுவிட்டுக் கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி, முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். மூடி திறந்திருந்த டிஸ்ட்ரிபியூட்டரில் தட்டு மெல்லத் திரும்பியது. நாக்கால் முனையை அடைத்துப் பத்து வரை எண்ணினேன், தட்டு அப்படியே நின்றது. சவ்வு நல்ல சவ்வு. மெதுவாகத் திரும்பி வந்திருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். தேவகோட்டையில் ஒரு வண்டியில் உறிஞ்சவே முடியவில்லை. குழாய் கழன்று தொங்கிய மாதங்களில் குளவி ஒன்று அதற்குள் மண்கூடு கட்டி வைத்திருந்தது.

டைமிங் வைக்க முதலில் 12 வோல்ட் பல்பு போதும். ஒன்றாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இன்ஜினைக் கையால் சுற்றவேண்டும். காற்று விரலைத் தள்ளினால் பிஸ்டன் அழுத்த ஓட்டத்தில் ஏறுகிறது. கிராங்க் முனையிலுள்ள புல்லியின் வெட்டைக் கையேடு சொல்லும் டிகிரிக்கு நேரே நிறுத்தவேண்டும். அந்த வெட்டு துருவில் தெரியவே தெரியாது. எனக்கு வேலை கற்றுத்தந்த அண்ணன் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பைச் சுண்டுவிரலில் எடுத்து அதில் தடவுவார், நானும் அப்படித்தான். 14 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள புல்லியில் ஒரு டிகிரி என்பது 1.2 மில்லிமீட்டர்தான், சுண்ணாம்புக் கோடு தடித்தால் ஒரு டிகிரி அதிலேயே போய்விடும். பல்பின் ஒரு ஒயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மற்றொன்றை பாடியிலும் கொடுத்து, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் இடத்தில் பல்பு எரியும். அங்கே முடுக்கவேண்டும். பிளக் ஒயர் வரிசை 1, 3, 4, 2.

அப்புறம் பிளக்கைப் போட்டு, குழாயைக் கழற்றியபடியே வைத்து, முனையை அடைத்து, ஸ்லோ ஸ்பீடை இறக்கிவிட்டு, டைமிங் லைட்டால் சரிபார்த்தேன். ஒன்றாம் பிளக் பொறியடிக்கும்போதெல்லாம் விளக்கு மின்னுவதால், சுற்றும் புல்லியில் சுண்ணாம்புக் கோடு நின்றது போலத் தெரியும். ஃபேனும் நின்றது போலவோ மெல்லச் சுழல்வது போலவோ தெரியும், அதை நம்பிக் கையை நீட்டிவிடக்கூடாது. வேட்டி, துண்டோடு அந்தப் பக்கம் யாரையும் நான் விடுவதில்லை. குழாயை மாட்டியபோது கோடு அசையவில்லை. துளை தகட்டுக்கு வெளியே நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆக்ஸிலேட்டரைச் சற்று ஏற்றியதும் கோடு நகர்ந்து ஓடியது.

காரைக்குடி ரோட்டில் டாப் கியரில் 40 கிலோமீட்டரிலிருந்து அழுத்தி மிதித்தேன். வண்டி கனமாக இழுத்து ஏறியது. கூடவே நாலைந்து டிக் டிக். நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் குட்டிச் சக்கரத்தை ரிடார்ட் பக்கம், அதாவது பொறி தாமதமாகும் பக்கம், கொஞ்சம் திருப்பி, மறுபடி அதே வேகத்தில் மிதித்தேன். சத்தம் இல்லை. பள்ளத்தூர் போய்த் திரும்பும்வரை சூட்டு முள் நடுவிலேயே நின்றது.

ஷெட் சுவரில் பென்சிலால் தேதியையும் பாயிண்ட் இடைவெளியையும் எழுதிவைத்தேன். புதுப் பாயிண்டின் குதி முதல் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து அமரும்போது இடைவெளி குறையும், டைமிங் கொஞ்சம் இறங்கும். அடுத்த முறை வீடு திறக்கும்போது முதலில் அதைப் பார்க்கவேண்டும் என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.