கமிட்டிக்கு மல்லாட்டை ஏற்றும் முன்

மல்லாட்டை, மணிலா இரண்டுமே நிலக்கடலைதான். செல்பேசியில் 'மணிலா 8,000' என்று பார்த்ததும் வண்டி பிடித்துவிட வேண்டாம். தமிழக அரசின் உழவன் செயலியிலும், மத்திய அரசின் சந்தை விலைத் தளமான அக்மார்க்நெட்டிலும் வருவது குவிண்டால் விலை, அதாவது 100 கிலோவுக்கு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கமிட்டி என்று சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் 80 கிலோ மூட்டைக் கணக்கில் பேசுவதும் உண்டு. மூட்டை 6,400 என்றால் குவிண்டால் 8,000. சொல்வது காய் விலையா, உடைத்த பயிறு (பருப்பு) விலையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் குறைந்த விலை, உயர்ந்த விலை, பெரும்பாலான சரக்கு போன விலை என்று மூன்று எண்கள் இருக்கும். உயர்ந்த விலை யாரோ ஒருவருடைய முதல்தரச் சரக்குக்குக் கிடைத்தது. நம் கணக்குக்கு மூன்றாவதுதான் உதவும். நாலைந்து நாள் வரத்தையும், அதாவது சந்தைக்கு வந்த சரக்கின் அளவையும், சேர்த்துப் பாருங்கள். வரத்து ஏறிக்கொண்டே இருந்தால் நேற்றைய விலை நாளைக்கு நிற்பது கஷ்டம்.

வியாபாரி ஒரு பிடி காயை உடைத்துப் பார்ப்பது பயிறு எவ்வளவு தேறும் என்று அறியத்தான். அதை வீட்டிலேயே செய்துவிடலாம். நாலைந்து மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, 1 கிலோ காயை உடைத்து நிறுங்கள். 700 கிராம் பயிறு வந்தால் நல்ல சரக்கு. 640 கிராம்தான் என்றால் குவிண்டாலுக்கு 6 கிலோ குறைவு. பயிறு கிலோ 110 ரூபாய் விற்கும் நாளில் அது 660 ரூபாய். ஏலத்தில் விலை குறைந்தால் வியாபாரிகள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று கோபம் வரும். சில நாள் அது உண்மைதான். ஆனால் இந்தச் சோதனையைச் செய்தவருக்குத்தான் எது உண்மை என்று தெரியும்.

அடுத்தது ஈரம். 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ, 8 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 95.7 கிலோ ஆகிவிடும். வாங்குபவர் அந்த நாலு கிலோ சொச்சத்தோடு விடமாட்டார்; பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும் என்ற பயத்துக்கும் ஒரு விலை வைப்பார். காதருகே குலுக்கினால் காய் கலகலக்க வேண்டும். வெயில் சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே வியர்க்கும், ஆறவிட்டுக் கட்டுங்கள். அடியில் பொக்கையும் பிஞ்சையும் போட்டு மேலே நல்ல காயைப் பரப்புவது மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசிக்கு முன்னால் எடுபடாது, மொத்தக் குவியலும் விலை இறங்கும்.

கமிட்டியில் இறக்கியதும் லாட் (குவியல்) எண் போட்ட சீட்டு வாங்குங்கள். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலமோ, இணையவழி இ-நாம் ஏலமோ, அறிவித்த விலை பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். எடை போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். சந்தைக் கட்டணம் வியாபாரி கட்டுவது, விவசாயிக்குத் தரகு கிடையாது. சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் காலிச் சாக்கை நிறுக்கச் சொல்லுங்கள்.

போய்வருவது கட்டுமா? ஒரு மாதிரிக் கணக்கு: 10 மூட்டை, 800 கிலோ. களத்துக்கே வந்து வாங்கும் வியாபாரியிடம் கிலோ 72, கமிட்டியில் 78. வித்தியாசம் 4,800. வண்டிக்கு 1,500, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 400 போனால் மிச்சம் 2,900. களத்து வியாபாரி மூட்டைக்கு 2 கிலோ 'கழிவு' எடுப்பவர் என்றால் அந்த 1,440 ரூபாயையும் கூட்டிக்கொள்ளுங்கள். 3 மூட்டைக்காரர் தனியாகப் போனால் நஷ்டம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து வண்டி பிடிக்கலாம், சரக்கை மட்டும் கலக்க வேண்டாம்.

விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. விலை தெரியும், சரக்கு ஏற்கெனவே வேறொருவருடையது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் கிடைக்குமா என்று விதைக்கும் முன்பே கேட்டுவைப்பதுதான் அதற்கு வழி. அறுவடை நேரத்தில் விலை சரிந்து கிடந்தால், கமிட்டிக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் கேட்கலாம். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாளுக்குக் கிடைக்கும். அந்தக் கால வட்டியும் கிடங்கில் குறையும் எடையும் போக விலை ஏறினால்தான் லாபம்.

விற்ற பணம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் பாஸ்புக்கைச் சரிபார்த்து எடுத்துப் போங்கள். வங்கிகள் இணைந்த பிறகு பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறிவிட்டது. பழைய எண்ணைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும், நீங்களும் கமிட்டிக்கு மறுபடி நடக்க வேண்டியிருக்கும்.