கிங்பின் யார் பொறுப்பு?

வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு போகும் வழியில், தேசிய நெடுஞ்சாலை 544-இன் ஓரமாக இருக்கிறது என் பட்டறை. வருவதில் பாதி நாமக்கல், சங்ககிரி வண்டிகள். மீதி, கொச்சி வல்லார்பாடத்துக்குக் கன்டெய்னர் அடிப்பவை. இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓட்டுநர் வந்துவிடுவார். டயர் என்றால் முதலாளியே போன் செய்வார். ட்ரெய்லரை மாட்டும் ஃபிப்த் வீலைப் பார்ப்பதற்கென்றே வண்டியை ஓரம் கட்டியவர்களை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். வேறு வேலைக்கு வந்த இடத்தில், கிளம்பும்போதுதான் சொல்வார்கள்: "பிரேக் போட்டா பின்னாடியிருந்து லேசா இடிக்குதுங்கண்ணா, வேற ஒண்ணும் இல்லீங்க."

அந்த 'லேசா'வைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டியை ஹார்ஸ் என்போம். அதன் முதுகில் இருக்கும் அந்தப் பெரிய இரும்புத் தட்டுதான் ஃபிப்த் வீல். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சுக்கு மேலே ஒரு வளையத்தைப் படுக்கவைத்திருப்பார்கள், வண்டி திரும்புவதற்காக. நாலு சக்கரத்தோடு அதையும் சேர்த்து ஐந்தாவது சக்கரம் என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. ட்ரெய்லரின் அடியில் துருத்தி நிற்கும் கிங்பின் இந்தத் தட்டின் வாய்க்குள் நுழைந்ததும், லாக்கின் தாடை அதன் கழுத்தைக் கவ்வும். பாரத்தைச் சுமப்பது கிங்பின் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பாரம் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இழுபடுவதும் பிரேக்கில் அடி வாங்குவதும்தான் பின்னின் வேலை. இரண்டு இன்ச் கிங்பின் புதிதாக இருக்கும்போது கழுத்தில் 50.8 மி.மீ. இருக்கும். 49-க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். 30 டன் கன்டெய்னரை இழுக்கும் பொருள் தேய்வதற்கு இருக்கிற இடம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. தேய்ந்த இடைவெளியில் அது ஆடுவதுதான் அந்த 'லேசா' இடி.

அளக்கும்போது வெர்னியர் அளவுகோலை முன்பின்னாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை வைக்க வேண்டும். இழுப்பும் பிரேக்கும் முன்பின்னாகத்தான் என்பதால் தேய்மானமும் பெரும்பாலும் அந்தத் திசையில்தான். பக்கவாட்டில் மட்டும் அளந்தால் தேய்ந்த கிங்பின்கூடப் புதுசு மாதிரி காட்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டுநர் தம்பி இந்த இடி தாங்காமல், வழியில் ஏதோ ஒரு கடையில் லாக்கை டைட் செய்துகொண்டிருக்கிறார். ஆட்டத்தைக் குறைக்க லாக்கில் ஒரு அட்ஜஸ்ட் போல்ட் உண்டு. அதைத் திருப்பியதும் இடி நின்றுவிட்டது, தம்பிக்கு சந்தோஷம். அடுத்த வாரம் இங்கே ஒரு குடோனில் அந்த ட்ரெய்லரை விட்டுவிட்டு வேறொன்றை மாட்டினார். அதில் பின் புதுசு. லாக்கின் கைப்பிடி இரண்டு விரல் அளவு வெளியே நின்றது, உள்ளே போகவில்லை. சுத்தியலால் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். நல்ல வேளை, என்னிடம் வந்தார். குனிந்து பார்த்தால் தாடை முழுதாக மூடவே இல்லை. தேய்ந்த பின்னுக்கு ஏற்ப இறுக்கிய தாடைக்குள் முழுப் பருமன் உள்ள பின் எப்படி அடங்கும்? தேயாத பின்னை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்பது அதனால்தான்.

இதில் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹார்ஸ் ஒரு முதலாளியுடையது, ட்ரெய்லர் இன்னொருவருடையது. தேய்ந்த கிங்பின் புதுத் தாடையைத் தின்னும். தேய்ந்த தாடை அடுத்து வரும் புதுப் பின்னைத் தின்னும். இப்படி ஒரு வண்டியின் நோய் மூன்று வண்டிக்குப் பரவுகிறது. ஆனால் பின்னை மாற்று என்றால் "அது எங்க ட்ரெய்லர் இல்லீங்க" என்பார் ஒருவர். தாடையை மாற்று என்றால் "ஹார்ஸ்காரரைக் கேளுங்க" என்பார் இன்னொருவர்.

கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது வெல்டிங்கில். தேய்ந்த கழுத்தில் வெல்டிங் ஏற்றி, கடைந்து வழவழவென்று ஆக்கித் தரச் சொல்வார்கள். நான் செய்வதில்லை, கோபித்துக்கொண்டு போனாலும் சரி. கிங்பின் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, மேலுக்கு அளவு சரியாக இருந்தாலும் உள்ளே விரிசல் விடலாம்.

கிரீஸ் விஷயத்துக்கு வருகிறேன். என் தாத்தா பாரவண்டி ஓட்டியவர். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை இல்லாமல் வண்டி பூட்ட மாட்டார். 2017-இல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். அந்தச் சலிப்பில் ஓட்டுநர்கள் இறங்கி கிரீஸ் கன்னை எடுப்பார்கள். இப்போது நிற்பதே இல்லை. நல்லதுதான், ஆனால் தட்டு காய்ந்து கிடக்கிறது. காய்ந்த தட்டில் ஸ்டியரிங் கனக்கும், வளைவில் ஹார்ஸ் திரும்ப மறுக்கும். மழையில் வழுக்கும் ரோட்டில் இது விளையாட்டில்லை.

பழைய கிரீஸின் மேலேயே புது கிரீஸை அப்புவதும் தப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் தூசியும், சிமென்ட், எம்-சாண்ட் பொடியும் அதில் கலந்து உப்புத்தாள் மாதிரி அறுக்கும். ட்ரெய்லரைக் கழற்றி, டீசலில் துடைத்து எடுத்த பிறகுதான் புதுசு வைக்க வேண்டும். மாலிப்டினம் அல்லது கிராஃபைட் கலந்த, அழுத்தம் தாங்கும் கிரீஸாக இருக்கட்டும். என் கணக்கு 10,000 கி.மீ.க்கு ஒரு முறை. ஆனி, ஆடி மழையிலும், பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவிய பிறகும் கி.மீ. கணக்குப் பார்க்க வேண்டாம், உடனே வையுங்கள். பிளாஸ்டிக் லைனர் போட்ட தட்டு என்றால் மட்டும் கம்பெனிக் கையேட்டைப் பாருங்கள். மேலே கிரீஸ் வேண்டாத மாடல்கள் உண்டு, லாக்குக்கு அவற்றிலும் வேண்டும். குனிந்ததோடு தட்டைப் பிடித்திருக்கும் போல்ட்களையும் ஒரு பார்வை பாருங்கள். தலையிலிருந்து செந்துரு கோடாக வழிந்திருந்தால் போல்ட் லூஸாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

மாட்டும்போது நடக்கும் தப்பு இன்னும் பயங்கரம். ஒரு குடோன் வாசலில் லோடு ஏற்றிய ட்ரெய்லர் முகங்குப்புற விழுந்து கிடந்ததைப் போய்ப் பார்த்தேன். யாருக்கும் அடியில்லை. லேண்டிங் லெக்கை, அதாவது கழற்றிய ட்ரெய்லரைத் தாங்கும் முன்கால்களை, அதிகம் இறக்கி முன்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்ததால் கிங்பின் தாடைக்குள் நுழையாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'டக்' சத்தம் கேட்டது, இழுத்தும் பார்த்தேன் என்றார் ஓட்டுநர். பொய்யில்லை, அப்படி ஏறிய கிங்பின்கூடச் சில நேரம் லேசான இழுப்புக்குத் தாங்கும்.

ட்ரெய்லரின் முன்பக்கம் தட்டைவிடச் சுமார் 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், ஹார்ஸ் பின்னால் வரும்போது தட்டுதான் அதைத் தூக்க வேண்டும். ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து, சின்ன கியரில் முன்னால் இரண்டு இழுப்பு. அப்புறம் டார்ச்சோடு கீழே குனியுங்கள், லுங்கி அழுக்கானாலும் பரவாயில்லை. தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும், கைப்பிடி முழுதாக உள்ளே போய் சேஃப்டி லாக் விழுந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் லேண்டிங் லெக்கை ஏற்றலாம்.

இப்போதெல்லாம் பின்னை அளந்தால், ட்ரெய்லர் சட்டத்தில் அளவையும் தேதியையும் வெள்ளைப் பெயின்டில் எழுதி அனுப்புகிறேன். அடுத்து எந்த ஹார்ஸ் வந்து மாட்டினாலும் ஓட்டுநர் குனிந்தால் கண்ணில் படும். போன மாதம் ஒரு ட்ரெய்லர் திரும்ப வந்தது. நான் எழுதிய 50.1-க்குக் கீழே வேறு யாரோ மஞ்சள் பெயின்டில் 49.6 என்று எழுதி, பக்கத்தில் மலையாளத்தில் மாதத்தையும் குறித்திருந்தார்கள்.